முதலாளியின் காதுக்குப் போய்ச் சேருவது எது? நிச்சயமில்லாத சந்தையில் மேல்மட்டத்தார் தகவலைக் கையாளும் விதம் குறித்து

கணக்குப்பிள்ளை (காரைக்குடி):

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு குடும்ப நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களுக்கு ஒரு புழுங்கல் அரிசி ஆலை, அதைச் சார்ந்த மொத்த வியாபாரம், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வளவை, அதாவது முற்றம் வைத்த செட்டிநாட்டு வீட்டை, செப்பனிட்டு நடத்தும் தங்கும் விடுதி என மூன்று தொழில்கள் உண்டு. ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் இயக்குநர் குழுவுக்கு 84 பக்க அறிக்கை ஒன்றை அனுப்பி வைக்கிறேன். நெல் கொள்முதல் விலை, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி, வங்கிக் கடன், விடுதியில் அறைகள் நிரம்பிய கணக்கு, பக்கத்து ஆலைகளின் விலை, புதிய அரசாணைகள் என்று அதில் இல்லாதது எதுவும் இல்லை.

முதலாளி அதை வாங்குவார், மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ரொக்க நிலையைப் பார்ப்பார், மூடி வைத்துவிடுவார். பிறகு முகப்பில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூன்று பேரோடு தொலைபேசியில் பேசுவார். தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் தரகர் ஒருவர், தூத்துக்குடியில் கப்பல் சரக்கு முகவர் ஒருவர், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய பள்ளித் தோழர் ஒருவர். அரை மணி நேரம்தான். எவ்வளவு நெல் வாங்குவது, எவ்வளவு கடன் எடுப்பது என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கும் அவருடைய மகனுக்கு இது பொறுக்கவில்லை. அந்த 84 பக்கங்களையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துப் பத்து வரிகளாகச் சுருக்கி, அப்பச்சியின், அதாவது தந்தையின், கைப்பேசிக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.

விலையும் அரசின் கொள்கையும் மாதத்துக்கு மாதம் மாறும் இந்தக் காலத்தில் முதலாளி செய்வது அனுபவத்தின் அறிவா, அல்லது பழைய பழக்கம்தானா? நான் தயாரிக்கும் அறிக்கையால் யாருக்காவது பயன் உண்டா? இந்த ஊர்த் தொழில்களை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய பேரேடு (தேவகோட்டை):

தம்பி, நான் வங்கியின் கடன் பிரிவில் 34 ஆண்டுகள் இருந்தவன். ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துக் கடன் கொடுத்ததைவிட, ஐந்தொகையைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்ததும் மறுத்ததும்தான் அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

உங்கள் முதலாளி செய்வதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலாளர்கள் வெளியுலகச் செய்திகளை எப்படித் திரட்டுகிறார்கள் என்பதைப் பிரான்சிஸ் அகிலார் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1967-இல் எழுதியபோதே, அச்சிட்ட அறிக்கைகளைவிடத் தெரிந்த மனிதர்களின் வாய்மொழியையே அவர்கள் பெரிதும் நம்புகிறார்கள் என்று கண்டார். 1973-இல் வெளிவந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க்கின் ஆய்வும் அப்படித்தான். ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தவர் அவர். அவர்களுடைய நேரத்தின் பெரும்பகுதி பேச்சிலேயே கழிந்தது. வழக்கமாக வரும் அறிக்கைகளை அவர்கள் வேகமாகத் தள்ளிவிட்டார்கள். அந்த நிறுவனங்களிலும் உங்களைப் போல ஒருவர் மனம் நொந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

இதற்குக் காரணம் உண்டு. 84 பக்க அறிக்கை முடிந்துபோன மாதத்தைப் பேசுகிறது. அதுவும் பத்துப் பேரின் கையில் பட்டு, முரண்பட்டதெல்லாம் சராசரியாக்கப்பட்டு, யாருக்கும் சங்கடம் வராத சொற்களில் மேலே போகிறது. தரகரோடு பேசும்போது, 'விலை ஏறும்' என்று அவர் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கினாரா என்பது காதில் விழும். அந்தத் தயக்கத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? மறு கேள்வி கேட்கலாம், மடக்கலாம், சிரித்து வைக்கலாம். பேச்சில் இத்தனை வசதி இருக்கிறது.

இன்னொன்று. பிராங்க் நைட் என்ற பொருளியல் அறிஞர் 1921-இல் ஒரு பிரிவினை செய்தார். எத்தனைக்கு எத்தனை என்று கணக்குப் போடக்கூடிய அபாயம் ஒன்று; கணக்குக்கே அகப்படாத நிச்சயமின்மை மற்றொன்று. நெல்லில் எத்தனை விழுக்காடு குருணையாக உடையும் என்பது முதல் வகையைச் சேர்ந்தது. உங்கள் ஆலையின் பழைய ஏடுகளே விடை சொல்லிவிடும். அடுத்த மாதம் டெல்லியில் என்ன அறிவிப்பு வரும் என்பது இரண்டாம் வகை. முதல் வகைக்கு உங்கள் அறிக்கை வேண்டும், இரண்டாவதற்குப் பேச்சு வேண்டும். உங்கள் முதலாளி இரண்டுக்கும் பேச்சையே நம்புகிறார், மகன் இரண்டுக்கும் அறிக்கையையே நம்புகிறார் என்று தோன்றுகிறது.

ஒரு கேள்வியை மட்டும் விட்டுவைக்கிறேன். அந்த மூன்று பேர் ஏன் எப்போதும் அதே மூன்று பேர்?

புதுவயல் ஆச்சி:

அண்ணன் சொன்ன இரண்டு வகைகளையும் நான் ஓராண்டு இடைவெளியில் அனுபவித்தவள். புதுவயலில் எங்கள் ஆலையை என் கணவருக்குப் பிறகு நான்தான் நடத்துகிறேன்.

2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்று வந்தது. அதற்கு ஆலோசனைக் கூட்டமெல்லாம் தேவைப்படவில்லை. விதி என்ன சொல்கிறது என்பது தெளிவு, வரிக்கோடு எங்கே இருக்கிறது என்பதும் தெளிவு. பலரும் செய்ததைப் போல நாங்களும் 26 கிலோ மூட்டைக்கு மாறினோம். பை அச்சடிப்பவரிடமும் எடை போடும் ஆளிடமும் சொன்னதோடு காரியம் முடிந்தது. வாடிக்கையாளர்கள் சில நாள் 'அது என்ன ஆச்சி, ஒரு கிலோ கொசுறா?' என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு நடந்தது வேறு. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. புழுங்கலுக்குத் தடை இல்லை. மறுநாள் காலை என் தொலைபேசி ஓயவில்லை, வந்ததெல்லாம் வாழ்த்து. வெள்ளை அரிசி கிடைக்காத வெளிநாட்டு வியாபாரிகள் புழுங்கலுக்குத்தான் வந்தாக வேண்டும், விலை ஏறும், இந்தச் சீமைக்கு நல்ல காலம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்புவதற்கு ஆதாரமும் இருந்தது. 2022 செப்டம்பரில் வெள்ளை அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டபோதும் புழுங்கலை விட்டுவைத்தார்கள். இரண்டு முறை தொடாதவர்கள் மூன்றாம் முறையும் தொடமாட்டார்கள் என்பது என் கணக்கு. வங்கியில் கடன் வரம்பை உயர்த்திக்கொண்டு, மண்டியில் கேட்ட விலைக்கு நெல் வாங்கிக் கிடங்கை நிரப்பினேன். ஆகஸ்ட் 25-ஆம் தேதி புழுங்கல் அரிசிக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. எனக்கு எவ்வளவு போயிற்று என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, அந்த 36 நாட்களில் எனக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று எழுதிப் பார்த்தேன். தெரியாதது என்று எதுவும் இல்லை. எல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூன் 12 அன்று கோதுமை கையிருப்புக்கு உச்சவரம்பு. அந்த ஆகஸ்டு நாடு முழுவதும் மழை பொய்த்தது. 1901 முதலான கணக்கில் அவ்வளவு வறண்ட ஆகஸ்டு கிடையாது என்றார்கள். அடுத்த கோடையில் பொதுத்தேர்தல் வர இருந்தது. ஆகஸ்ட் 19 அன்று, அதாவது எனக்கு அடி விழுவதற்கு ஆறு நாள் முன்பு, வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி. சோற்றுக்கும் குழம்புக்கும் உரிய ஒவ்வொரு பொருளையும் அரசு நாட்டுக்குள்ளேயே நிறுத்தி வைக்கப் பார்க்கிறது என்பதை ஒரு குழந்தைகூடப் படித்திருக்கலாம். நானோ அரிசிச் செய்தியை வியாபாரச் செய்தியாகவும், வெங்காயச் செய்தியைச் சமையலறைச் செய்தியாகவும் படித்தேன்.

இன்னும் சொல்லக் கூசுகிறது. எங்கள் கணக்கர், ஆகஸ்டு மாத நடுவில் தந்த குறிப்பின் கடைசிப் பக்கத்தில், 'புழுங்கல் ஏற்றுமதி மிகுந்தால் உள்ளூர் விலை ஏறும்; அரசு கவனிக்கக்கூடும்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். 'கவனத்திற்கு' என்ற தலைப்பின்கீழ், மின்கட்டணத்துக்கும் லாரி காப்பீட்டுக்கும் நடுவில் அது கிடந்தது. ஏன் நேரில் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்கள்தான் ஜூலையிலேயே நல்ல செய்தி என்று சொல்லிவிட்டீர்களே, ஆச்சி' என்றார்.

ஐயமுடையான்:

ஆச்சியின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒரு மறுப்பும் உண்டு. வரி வந்த பிறகு பார்ப்பவருக்கு வெங்காயம் பெரிதாகத் தெரிகிறது. அதே ஜூலையில் தக்காளி விலையும் வானத்தைத் தொட்டது. பருப்பைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் நாள்தோறும் ஏதாவது ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. இவற்றில் எத்தனை செய்திகள் அரிசி ஆலையைத் தொடாமலே கடந்துபோயின என்று யாரும் எழுதிவைப்பதில்லை. தொட்ட ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. 1975-இல் இகோர் ஆன்சாஃப் என்ற மேலாண்மை அறிஞர், திடீர் மாற்றங்களுக்கு முன்னால் மெலிந்த அறிகுறிகள் தோன்றும், அவற்றுக்கு அப்போதே செவிகொடுக்க வேண்டும் என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மெலிந்த அறிகுறியையும் வெறும் இரைச்சலையும் அன்றைக்கே பிரித்துக் காட்டும் முறம் யாரிடம் இருக்கிறது? ஒவ்வொரு வெங்காயத்துக்கும் அஞ்சினால் ஆலையைப் பூட்டிச் சாவியைப் பிள்ளையார்பட்டியில் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

புதுவயல் ஆச்சி:

தம்பி சொல்வது நியாயமே. ஆனால் நான் வருந்துவது வாங்கியதற்காக அன்று. ஒரே மூச்சில் வாங்கியதற்காக. பாதியை ஜூலையிலும் பாதியைச் செப்டம்பரிலும் வாங்குவது என்று வைத்திருந்தால், வெங்காயத்தை நான் சரியாகப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மெலிந்த அறிகுறி தன்னால் தடித்து என் வாசலுக்கு வந்திருக்கும். அப்போது என் கையில் பணமும் இருந்திருக்கும்.

பழைய பேரேடு (தேவகோட்டை):

ஆச்சி இப்போது சொன்னது நான் படித்த பல கட்டுரைகளைவிடத் தெளிவாக இருக்கிறது. எதிர்காலத்தைச் சரியாகக் கணிக்கப் பார்ப்பது ஒன்று. தவறினாலும் தாங்கும்படி அளவை வைத்துக்கொள்வது மற்றொன்று. நம் முன்னோரின் பர்மாக் கதையில் இந்த இரண்டாவதுதான் தவறியது என்பது என் எண்ணம். சற்று நீளமாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ்ப் பர்மாவின் ஐராவதி கழிமுகம் உலகத்தின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாகியது. காட்டை வெட்டி வயலாக்கிய விவசாயிக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் அவனிடம் போகவில்லை, வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டிநாட்டு நகரத்தார் போனார்கள். 1930 வாக்கில் பர்மாவில் 1,600-க்கும் மேற்பட்ட நகரத்தார் கடைகள் இருந்தன. நெல் விலை ஏறிக்கொண்டே இருந்த வரையில் எல்லாம் சரியாகவே நடந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை நான்கு ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே போயிற்று. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, அசலும் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், சாகுபடி நிலத்தில் 1930-இல் 6 விழுக்காடு நகரத்தார் வசம் இருந்தது. 1937-இல் அது 25 விழுக்காடு.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். ஊரான் நாட்டில், ஊரானின் வயலில் வட்டிக்கடைக்காரன் பெயரில் இருக்கும் பங்கு ஏழே ஆண்டுகளில் கால்பங்காக ஏறிவிடுகிறது. 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்துவிட்டது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக அளவில் பிரிக்கப்பட்டது. எதுவும் மறைவாக நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கடையின் பேரேட்டிலும் இருந்தது அந்தக் கடையின் பத்து ஏக்கர், நூறு ஏக்கர் மட்டுமே. 25 விழுக்காடு என்ற எண் எந்தப் பேரேட்டிலும் இல்லை. மொத்தத்தைப் பார்த்திருந்தால் அச்சம் வந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தவர்களுக்கு 'ஈடு கைக்கு வந்தது' என்ற ஆறுதல்தான் தெரிந்தது.

ஒரே செய்தியைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. 1900 வாக்கில் பர்மாவில் தொழில் தொடங்கிய பள்ளத்தூர் அ.மு.முருகப்ப செட்டியாரின் குடும்பம், ஜப்பானியப் படையெடுப்புக்கு முன்பே, 1930-களில், தம் மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது. எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளைகள் திறக்கப்பட்டன. பர்மா பிரிவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது. இதில் எது அறிவு, எது துணிவு என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வங்கி பல ஊர்களில் கால் ஊன்றியதால் நிலைத்தது. நிலத்திலேயே எல்லாவற்றையும் புதைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. பர்மாவின் விடுதலைக்குப் பிறகு 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்துவிட்டது.

கொண்டுவிற்றவர் பேரன் (கண்டனூர்):

பேரேடு ஐயா சொன்னதற்கு உள்ளேயிருந்து ஒரு சான்று தருகிறேன். என் ஐயாவின் தகரப் பெட்டியில், பர்மாவில் இருந்த எங்கள் கடையை நடத்திய முகவர், அதாவது மேலாள், 1931 முதல் 1936 வரை எழுதிய கடிதங்கள் கொஞ்சம் இருக்கின்றன. போன ஆண்டு தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்தபோது உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். ஒவ்வொரு கடிதமும் மழையில் தொடங்கும், பிறகு விளைச்சல், பிறகு வசூல், கடைசியில் வீட்டாரின் நலம். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐந்தாண்டுக் கடிதங்களில் ஒன்றில்கூட 'கடன் கொடுப்பதை நிறுத்தலாம்' என்று அவர் எழுதவில்லை. 'இன்னாருடைய வயல் நம் கைக்கு வந்தது' என்பது சாமி புண்ணியத்தால் நடந்த நல்ல செய்தியாகவே வருகிறது.

அவர் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. மேலாளுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கெடு. சம்பளத்தோடு லாபத்தில் பங்கும் உண்டு. கணக்கை முடித்து ஊர் திரும்பும்போது ஐந்தொகையில் லாபம் தெரிய வேண்டும். வராக்கடனை நட்டமாக எழுதினால் அவர் பங்கு போயிற்று. அதையே நிலமாக எழுதினால் முதல் குறையாமல் நிற்கிறது. தன் கெடுவுக்கு அப்பால் நடக்கப்போவதை முதலாளிக்குச் சொல்லும்படி அந்த ஏற்பாட்டில் எதுவும் அவரைத் தூண்டவில்லை. மேலே வரும் தகவலைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதை எழுதுகிறவனுக்கு எதற்காகக் கூலி கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கிட்டங்கி என்றால் ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகளின் பெட்டியடிகள், அதாவது பணப்பெட்டி வைத்து உட்காரும் இடங்கள், அடுத்தடுத்து இருக்கும். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அங்கேயே வேலை செய்து, அங்கேயே படுத்து, ஒன்றாகவே கோயிலுக்குப் போவார்கள். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் தமிழ் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததும் அவர்களேதான். இதனால் நம்பிக்கை வளர்ந்தது, செலவு குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் இருபது மேலாள்கள் ஊருக்கு எழுதிய இருபது கடிதங்களும் ஒரே கூடத்தில் நடந்த ஒரே பேச்சின் பிரதிகள். இங்கே முகப்பில் உட்கார்ந்து நான்கு உறவுக்காரர்களின் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்த்த முதலாளிக்கு, நான்கு பேர் சொல்கிறார்கள், உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும். கணக்குப்பிள்ளை அண்ணன் தம் முதலாளியின் மூன்று பேரைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஐயமுடையான்:

கடிதச் சான்று வலுவானது. ஆனால் முன்கூட்டியே வெளியேறிய குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது, மலேயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவசரப்பட்டு வெளியேறி, பிறகு வந்த நல்ல காலத்தைத் தவறவிட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். அவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

முகப்புத் திண்ணை:

நான் இங்கே மேலாண்மைத் துறையில் ஆய்வு மாணவி. படித்ததிலிருந்து மூன்று செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். இந்த இழையில் சொல்லப்பட்ட அனுபவங்கள் அவற்றைவிடக் கனமானவை என்ற உணர்வோடுதான் சேர்க்கிறேன்.

ஆச்சியின் கணக்கர் சொன்ன பதில் என்னை உலுக்கியது. ஜேன் டட்டன், சூசன் ஜாக்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 1987-இல் எழுதியது இதைத்தான். தலைமையில் இருப்பவர் ஒரு நிகழ்வுக்கு 'வாய்ப்பு' என்றோ 'ஆபத்து' என்றோ பெயர் வைத்துவிட்டால், அதன்பின் நிறுவனத்துக்குள் எந்தச் செய்தி எடுபடும், யார் பேசுவார்கள் என்பதையே அந்தப் பெயர் தீர்மானிக்கத் தொடங்குகிறது. ஆச்சி ஜூலை 21 காலையில் பெயர் வைத்துவிட்டார்கள். கண்டனூர் அண்ணனின் மேலாள், நிலம் வந்ததற்கு வைத்த பெயரும் அதே வகை.

இரண்டாவது, 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆபத்து நெருங்கும்போது தனிமனிதர்களும் நிறுவனங்களும் புதிய செய்திகளுக்குக் காதை மூடிக்கொண்டு, நன்கு பழகிய வழியையே இறுகப் பிடித்துக்கொள்ளும் போக்கை விளக்குகிறது. மூன்று பேர் எப்போதும் அதே மூன்று பேராக இருப்பது நல்ல காலத்தில் வசதி. கெட்ட காலத்தில் அது இன்னும் இறுகி இரண்டு பேராக, ஒருவராகக் குறையக்கூடும்.

மூன்றாவது, மகனுக்காக. வேகமாக முடிவெடுப்பவர்கள் குறைந்த தகவலோடு முடிவெடுப்பவர்கள் என்று நாம் நினைக்கிறோம். 1989-இல் கேத்லீன் ஐசன்ஹார்ட் எட்டுச் சிறு கணினி நிறுவனங்களை ஆராய்ந்தபோது, விரைந்து முடிவெடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகத் தகவலையே பயன்படுத்தினார்கள் என்று கண்டார். ஆனால் அது அன்றன்றைய நடப்புத் தகவல். வருங்காலக் கணிப்பு அல்ல. ஒரே வழியை அலசிக்கொண்டிராமல், பல மாற்று வழிகளை ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எட்டே நிறுவனங்கள், அதுவும் வேறொரு நாட்டின் கணினித் தொழில் என்பதால், அரிசி ஆலைக்கு அப்படியே பொருத்துவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

கணக்குப்பிள்ளை (காரைக்குடி):

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இங்கே படித்ததை வைத்து அலுவலகத்தில் சில வேலைகள் செய்து பார்த்தேன்.

முதலில், மகன் அனுப்பும் பத்து வரிச் சுருக்கத்தை என் அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். தவறு ஒன்றும் இல்லை. எண்கள் சரி, மொழி அழகு. ஆனால் அறிக்கையின் 61-ஆம் பக்கத்தில், பத்தாண்டுகளாக ஒரு நாளும் தவணை தவறாத ஒரு சிறு மொத்த வியாபாரி இரண்டு முறை தொடர்ந்து பாக்கி வைத்திருக்கிறார் என்ற குறிப்பு இருந்தது. தொகை சிறியது என்பதால் சுருக்கத்தில் அது இடம்பெறவில்லை. முதலாளியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். 'அவரா? அவருக்கே முடியவில்லை என்றால் அந்தக் கடைத்தெருவில் யாருக்கும் முடியவில்லை என்று அர்த்தம்' என்றார். அந்த ஊரிலுள்ள மற்ற நால்வருக்கும் கடன் அளவைக் குறைத்தோம். யாரை அளவுகோலாக வைத்துப் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 84 பக்கம் எழுதிய எனக்கும் தெரியவில்லை, செயலிக்கும் தெரியவில்லை. மகன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்வதை அன்றோடு நிறுத்தியிருக்கிறார்.

அடுத்தது முதலாளியின் மூன்று பேர். நேரடியாகக் கேட்கத் துணிவில்லாமல், 'தூத்துக்குடிக்காரர் நெல் விலையை எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்?' என்று பொதுவாகப் பேச்சை எடுத்தேன். முதலாளியே அவரிடம் கேட்டார். தஞ்சாவூர்த் தரகர் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்திதான் அவருக்கும் ஆதாரம். ஆக மூன்று பேர் என்பது உண்மையில் இரண்டு பேர். ஓய்வுபெற்ற தோழருக்கு ஓய்வுபெற்ற பிறகு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அறிக்கை இரண்டே பக்கம்; மீதி 82 பக்கமும் வேண்டுபவர்களுக்காக இணைப்பாகக் கிடக்கிறது. முதல் பக்கத்தில் போன மாதத்திலிருந்து என்ன மாறியது, வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டவர் யார் என்பவை மட்டும். இரண்டாம் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த செய்திகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சொன்னவர் கண்ணால் கண்டாரா, காதால் கேட்டாரா, கேட்டார் என்றால் யாரிடம் என்று ஒரு கட்டம்.

ஐயமுடையான்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணன். முடிவு எடுக்கும் நாளிலேயே, எந்தக் காரணத்தால் எடுத்தோம், எது நடந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம் என்று தேதியிட்டு நான்கு வரி எழுதி, முதலாளியின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'எனக்கு அப்போதே தெரியும்' என்று யாரும் சொல்ல முடியாது. தக்காளியையும் வெங்காயத்தையும் பிரிக்கும் முறம் கிடையாது என்று நான்தான் சொன்னேன். எத்தனை முறை எதற்கு அஞ்சினோம் என்ற கணக்காவது அதில் சேரும்.

புதுவயல் ஆச்சி:

கையெழுத்து வாங்குவது எளிதில்லை, தம்பி. எங்கள் வீட்டில் நானே எனக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் முயன்று பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தக் கட்டத்தை நிரப்பினால் தரகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை (காரைக்குடி):

கோபம் வரவில்லை, ஆச்சி, வேறொன்று வந்தது. நேற்றுக் காலை தஞ்சாவூர்த் தரகர் பேசினார். நெல் விலை ஏறப்போகிறது, பெரிய ஆலை ஒன்று மொத்தமாக வாங்க இறங்குகிறது, இன்றே முன்பணம் போட்டுவிடுங்கள் என்றார். முதலாளி வழக்கம்போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் இரண்டாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 'நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா?' என்றார். கேட்டது என்றார் தரகர். யார் சொன்னார்கள் என்றதற்கு லாரிக்காரர்கள் என்றார். எந்த ஆலை என்று கேட்டபோது கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, 'காரைக்குடியில் ஏதோ ஓர் ஆலை கிடங்கைக் காலி செய்து வெள்ளையடிக்கிறார்களாம்' என்றார்.

போன வாரம் கிடங்குக்கு வெள்ளையடித்தது நாங்கள்தான்.